பட்டன் போட எவ்வளவு நேரமாகிறது?

டோக்கன் போடுகிற என்னையும் சேர்த்து, எங்கள் கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் தமிழ்மதியிடம் திட்டு வாங்காத ஆள் கிடையாது.

அவள் பிசிஷியன் அசிஸ்டன்ட். மதுரையில் அதற்கென்றே படித்தவள். 'டாக்டரம்மா' என்று கூப்பிட்டால், "நான் டாக்டர் இல்லைங்க" என்று வெட்டுவாள். 'நர்ஸம்மா' என்றாலும் அதே வெட்டுதான். மூட்டுவாத டாக்டர் பழனிக்குமார் மாதம் ஒருமுறை மலையேறி வந்து மருந்தை முடிவு செய்வார். மற்ற நாட்களில் மூட்டுகளை அழுத்திப் பார்ப்பது, ரத்தப் பரிசோதனையைச் சரிபார்ப்பது, மாத்திரை ஒத்துக்கொள்கிறதா என்று விசாரிப்பது, சந்தேகம் வந்தால் அவருக்குப் போன் போடுவது எல்லாம் இவள் பொறுப்பு.

"வலிக்குதா?" என்று அவள் கேட்கவே மாட்டாள். வந்த புதிதில் கேட்டிருக்கிறாள். மேல்மலைக் கிராமத்துப் பெண்கள் வீங்கிய விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "பரவால்லைங்க" என்பார்கள். கூட வந்த புருஷன், "குளிருதாங்க, வேற ஒண்ணுமில்ல" என்று முடித்துவிடுவான். அந்தக் 'குளிரு' என்ற சொல்லைக் கேட்டாலே தமிழ்மதிக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்கும்தான். குளிர் ஊருக்கெல்லாம் ஒன்றுதானே, இந்தப் பெண்கள் விரலை மட்டும் தேடிப் பிடித்தா மடக்கும்? அதனால் அவள் கேள்வியை மாற்றினாள். "காலைல எந்திரிச்சு ஸ்வெட்டர் பட்டன் போட எவ்வளவு நேரமாகுது?" இதற்குப் புருஷனால் பதில் சொல்ல முடியாது. அவன் அதைப் பார்த்ததே இல்லை.

கிளாவரைக் கிராமத்து அன்னக்கொடி முதல்முறை வந்தபோது, "நான் போடறதில்லைங்க, மக போட்டுவிடும்" என்றாள். முடக்குவாதம். மருந்து தொடங்கிச் சில மாதங்களில் வீக்கம் வடிந்து, தானே பட்டன் போட்டுக்கொண்டு வந்தாள். "நிறுத்திராதீங்க. மாத்திரையாலதான் வீக்கம் போயிருக்கு" என்று தமிழ்மதி படித்துப் படித்துச் சொன்னாள். அதற்குப் பிறகு ஆளைக் காணோம். போன் போட்டால் அவள் புருஷன் நல்லசாமி எடுத்து, "நல்லாத்தான் இருக்கா" என்று வைத்துவிடுவான்.

பூண்டு அறுவடை முடிந்த பிறகுதான் கூட்டிவந்தான். இரண்டு கைகளும் வீங்கியிருந்தன. வலது மோதிரவிரல் நடுவில் மடங்கி நின்றது.

"மாத்திரை?" என்றாள் தமிழ்மதி.

"நாந்தான் நிப்பாட்டுனேன். வீக்கந்தான் வத்திருச்சே, பெறகு எதுக்கு? அதத் தின்னுட்டுச் சோர்ந்து படுத்தா பூண்டு வேலைய யாரு பாக்கறது? சோலி கெடக்குங்க, வெரசா ஒரு ஊசியப் போட்டு அனுப்புங்க."

தமிழ்மதி சத்தம் போடவில்லை. "கைய நீட்டுங்க" என்றாள். ஏதோ பரிசோதனை என்று அவனும் நீட்டினான். ஒவ்வொரு கையிலும் விரல்களை ஒன்றாகச் சேர்த்துப் பிளாஸ்திரியால் சுற்றினாள். "இப்ப உங்க ஸ்வெட்டர் பட்டனைப் போடுங்க."

அவன் தடவினான், திணறினான். வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அன்னக்கொடி மட்டும் சிரிக்காமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

நல்லசாமி ஆபீஸில் போய்க் கத்தினான். விஷயம் தெரிந்து பழனிக்குமார் போனில், "நீங்க செஞ்சது தப்பு. வீட்டுக்குப் போய் அந்த ஆள் யார்மேல கோபத்தைக் காட்டுவார்னு யோசிச்சீங்களா?" என்றார். நியாயமான கேள்வி. தமிழ்மதி போனை வைத்தாள். நேராக நல்லசாமியிடம் போனாள்.

"நாலு பேர் முன்னாடி அப்படிச் செஞ்சது தப்பு. மன்னிச்சுக்கங்க. மாத்திரைய நிப்பாட்டுனதும் தப்பு. அதுக்கு நீங்க அவங்ககிட்ட மன்னிப்புக் கேளுங்க."

மறுபடி எழுதிக் கொடுத்திருந்த மருந்துப் பையை எடுத்துக்கொண்டு அவன் போனான். இனி வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

வந்தார்கள், இரண்டு மாதம் கழித்து. அன்னக்கொடியின் ஸ்வெட்டரில் பட்டன்கள் ஓட்டை மாறி மாட்டப்பட்டு, கழுத்துப் பக்கம் கோணிக்கொண்டிருந்தது.

"யார் போட்டது?"

"அவுகதான்."

தமிழ்மதி ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்தாள். வீக்கம் வடிந்திருந்தது. மோதிரவிரல் மட்டும் அப்படியே மடங்கி நின்றது.

"இந்த விரலு எப்பங்க நிமிரும்?" என்றான் நல்லசாமி. மனைவியைப் பற்றி எங்கள் ஆஸ்பத்திரியில் அவன் கேட்ட முதல் கேள்வி அது.

"நிமிராது."

"ஊசி கீசி ஏதும்..."

"நிறுத்தாம இருந்திருந்தா மடங்கியிருக்காது. இனி நிமிராதுங்க."

அவன் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குனிந்து, மாற்றிப் போட்ட பட்டன்களைக் கழற்றி முதலிலிருந்து போடத் தொடங்கினான். நேரமாகியது. தமிழ்மதி உதவவில்லை.

"அடுத்தவங்களைக் கூப்பிடுங்க" என்றாள் என்னிடம். அவளுக்குக் கோபம் கொஞ்சமும் ஆறவில்லை.