ஏரிப் பள்ளத்தில் இல்லாத வேர்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். தை பிறக்கப் பத்து நாள் இருக்கும்போது செம்பரம்பாக்கம் ஏரி மதகின் வாயை முள்ளும் பாசியும் அடைத்துக்கொண்டன. கீழே எங்கள் சம்பா பால் பிடித்து நின்றது. தண்ணீர் வராவிட்டால் பதர்தான். ஊரில் மூச்சடக்கி முங்குகிறவன் நான் ஒருவன்தான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

ஏரிக்குள் மதகை நோக்கி ஒரு பள்ளம் போகிறது. இரண்டு பக்கமும் ஆளுயர மண்சுவர், நடுவே ஒருவன் நீந்துகிற சந்து. வழக்கமாகக் கையால் தடவித்தான் போவேன். அந்த முறை தண்ணீருக்குள் பார்க்க என்னிடம் கண்ணில் மாட்டுகிற கண்ணாடி இருந்தது. ஆவடிப் பட்டாளக் கேம்பில் மண் சுமந்தபோது, மோட்டார் சைக்கிள் சிப்பாய் தூக்கிப் போட்டது. ஓரத்தில் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியிருந்தேன்.

என் இடுப்புக் கயிற்றைக் கரையில் பிடித்திருந்தவர் அக்கா புருஷன். அவர் கயிற்றைச் சுண்டினால் நான் பதிலுக்குச் சுண்ட வேண்டும். பதில் வராவிட்டால் ஆபத்து என்று அர்த்தம்.

“மறந்துடாதே மச்சான். உனக்கு ஒண்ணுன்னா உங்கக்கா என்னை உப்புக்கண்டம் போட்டுடுவா.”

முங்கினேன். மழை நின்று தெளிந்த தண்ணீர். சுவர்ப் பொந்துகளிலிருந்து கெண்டைகள் எட்டிப் பார்த்தன. பள்ளம் திரும்புகிற இடத்தில் என் கை நீளத்துக்கு ஒரு விரால், அதன் தலைக்கு மேல் மிளகாய்ப் பொடியைத் தூவிவிட்டதுபோல் செக்கச்செவேலென்று குஞ்சுகள். நான் கிட்டே போனால் தாய் குறுக்கே வந்து நின்றது. என்னையே முறைத்தது. சாப்பிடத்தான் விராலைத் தெரியும் எனக்கு. குடும்பம் நடத்துகிற விராலை அன்றுதான் பார்த்தேன். சொக்கிப் போனேன்.

கயிறு சுண்டியது. அசைந்தால் குஞ்சுகள் கலைந்துவிடும் என்று பதில் கொடுக்கவில்லை. மறுபடி சுண்டியது. பிறகு பலமாக இழுத்தார். நான் சுவரில் நீட்டிக்கொண்டிருந்த கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நகராமல் இருந்தேன். இன்று நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மேலே பெரிய சத்தம். முங்கத் தெரியாத மனுஷன் மதகுக் கட்டையிலிருந்து அப்படியே குதித்துவிட்டார். இருவரும் மேலே வந்தபோது, தண்ணீர் அறைந்த அவர் இடது காதிலிருந்து ரத்தம் வழிந்தது.

“இன்னாடா ஆச்சு?”

“வேர்ல கால் மாட்டிக்கிச்சு மாமா.”

பொய் தயாராக வந்து நின்றது. அப்புறம் அடைப்பை எடுத்தேன், தண்ணீர் பாய்ந்தது, பயிர் பிழைத்தது. அவர் காது பிழைக்கவில்லை. அடுத்த வாரம் ஆவடியில் லாரி டிரைவர் வேலை கேட்டுப் போனார். டாக்டர் பின்னால் நின்று மெல்லப் பேசிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்.

“வேலை இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு. மச்சான் போனா வருவானா?” என்று கல்யாண வீடு, சாவு வீடு எல்லா இடத்திலும் சொன்னார். அக்கா எனக்குச் சோறு போடும்போதெல்லாம் அவரைப் பெருமையாகப் பார்ப்பாள். நான் தட்டைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து மழை பொய்த்தது. ஏரி வெடித்துக் கிடந்தது. ஒரு காலையில் அரிவாளோடு வந்து நின்றார்.

“வா மச்சான், அந்த வேரை வெட்டிட்டு வந்துடலாம். நாளைக்கு இன்னொருத்தன் மாட்டிக்கினா?”

காய்ந்த பள்ளத்தில் இறங்கினோம். ஒரு முனையிலிருந்து மதகு வரை குனிந்து, அரிவாள் நுனியால் சுரண்டிக்கொண்டே போனார். மண்ணும் கல்லும்தான். மக்கிப் போயிருக்கும் என்று நான் சொல்லியிருக்கலாம். பின்னாலேயே நடந்தேன். மதகடியில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“அன்னிக்கு உள்ள இன்னா பண்ணிகினு இருந்தே?”

“மீனைப் பாத்துகினு இருந்தேன் மாமா.”

நான் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

“இன்னா?” என்று முகத்தைத் திருப்பினார்.

மறுபடியும், இன்னும் சத்தமாக, அதைச் சொன்னேன்.