ஈரலிடம் மறைக்க முடியாதது

அக்காவுக்கு இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியதை எங்கள் வீட்டில் யாரும் மறைக்கவில்லை. கோயம்புத்தூரில் பெரிய ஆபரேஷன் செய்தோம் என்று சொல்லிக்கொள்வதில் அம்மாவுக்குப் பெருமைகூட உண்டு. டி.பி. வந்ததைத்தான் மறைத்தோம். சத்தியமங்கலத்தில் எனக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்த சமயம்.

"ஊட்ல டி.பி.ன்னு தெரிஞ்சா ஒருத்தனும் பொண்ணு கேட்டு வரமாட்டான், அம்மணி. வாயத் தொறந்துபோடாதே" என்றாள் அம்மா. உக்கடத்தில் எங்களைத் தெரியாத ஒரு டாக்டரிடம் போய் மாத்திரை வாங்கி, ரவை டப்பாவுக்குள் வைத்தோம். இதய டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள் என்று அவர் எழுதித் தந்த சீட்டும் அந்த டப்பாவுக்குள்ளேயே போனது.

வால்வில் ரத்தம் உறையாமலிருக்க அக்கா தினமும் ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும். மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. டி.பி. மாத்திரை தொடங்கியபின் ரத்தம் சீக்கிரம் உறைய ஆரம்பித்தது. இதய டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார், போதவில்லை.

"ஒழுங்கா மாத்திரை சாப்பிடறதில்லீங்களா?" என்று திட்டினார். ஒரு வேளைகூடத் தவறாமல் விழுங்கியவள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள்.

"ஒண்ணுக்குச் சிவப்பாப் போகுதுங்களா?" அளவு கூடினால் ரத்தம் கசியும் என்று இதையும் கேட்டார்.

டி.பி. மாத்திரையால் செக்கச்செவேலென்று போய்க்கொண்டிருந்தது. "இல்லீங்க" என்றாள்.

நான்காம் மாதம் வால்வில் ரத்தக்கட்டி அடைத்து இறந்துபோனாள். சத்தியமங்கலத்துக்காரர்கள் துக்கத்துக்கு வந்தார்கள். இதயக் கோளாறு என்றோம். வருஷம் திரும்பியதும் எனக்குக் கல்யாணம்.

இதெல்லாம் நடந்தபோது நான் பி.பார்ம் படித்துக்கொண்டிருந்தேன். வெட்கக்கேடு. இந்த இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் ஆபத்து என்று என் புத்தகத்திலேயே ஒரு வரி இருந்தது; பரீட்சைக்கு வராது என்று தாண்டிப் போயிருந்தேன். அது எப்படி நடக்கிறது என்ற கட்டுரையைத் தொண்ணூறுகளின் கடைசியில்தான் படித்தேன். ஈரல் செல்லின் உட்கருவுக்குள் ஒரு புரதம் காத்திருக்கிறது. டி.பி. மருந்து வந்து ஒட்டியதும் அது மரபணுவின்மேல் உட்கார்ந்து, மருந்தைச் சிதைக்கும் நொதிகளை இன்னும் செய், இன்னும் செய் என்று முடுக்குகிறது. அந்த நொதிகள் அக்காவின் ரத்த மாத்திரையையும் சேர்த்துத் தின்றுவிட்டன. ஊரிடம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம். ஈரலிடம் அது நடக்கவில்லை.

அக்காவோடு நான் கடைசியாகப் போனபோது இதய டாக்டர் இன்னொன்றும் கேட்டார். "வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடறீங்களா?"

அக்கா என்னைப் பார்த்தாள். சொல்லிவிடட்டுமா என்று கேட்கிற பார்வை.

"இல்லீங்க டாக்டர்" என்று நான் முந்திக்கொண்டேன்.