ஞானதுரை சாரின் இரண்டாவது டப்பா

ஞானதுரை சார் காலமாகிவிட்டார் என்ற செய்தி, கல்லூரி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் காலையில் வந்தது. மாரடைப்பு. அதன் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். இடையில் ஒருவர், “வாயைக் கொஞ்சம் கட்டியிருக்கலாம்” என்று எழுதியிருந்தார். படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஏன் கூசியது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சாரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தூத்துக்குடியில் எங்கள் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியர் அவர். சொந்த ஊர் நாசரேத். நல்ல பருமன். மாடிப்படியில் அவர் மூச்சு வாங்குவது கீழே நிற்பவர்களுக்குக் கேட்கும். நான் வணிகவியல் ஆசிரியர், ஏரல் பக்கம், ஈர்க்குச்சி உடம்பு. எங்களைச் சேர்த்துப் பார்த்தால் மாணவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

கொழுப்புச் செல் பாடம் என்றால் சாருக்குத் தனி வேகம் வரும். வகுப்புக்கு வெளியே நின்று நானே கேட்டிருக்கிறேன். “கொழுப்பு சும்மா அடுக்கி வச்ச மூட்டையில்ல. ஹார்மோன் செய்யுத உறுப்பு. லெப்டின்னு ஒண்ணு உள்ள தயாராவுது. அத சின்னச் சின்னப் பையில அடைச்சு, இழை வழியா செல்லோட ஓரத்துக்கு அனுப்புது” என்பார். துறைமுகத்து ஊர்ப் பையன் ஒருவன், “கண்டெய்னர் மாதிரியா சார்?” என்றான். “இல்லலே. கண்டெய்னர் அப்படியே முழுசா வெளிய போவும். இங்கன அந்தப் பை செல்லோட சுவர்லயே ஒட்டிக் கலந்து, வாயத் தெறந்து, உள்ள இருக்கத மட்டும் வெளிய விட்டுரும். ரத்தம் அத மூளைக்குக் கொண்டுபோவும். மூளை, போதும் எந்திரின்னு சொல்லும்.”

எனக்கோ அந்தப் ‘போதும்’ ஒருநாளும் வந்ததில்லை. ஆசிரியர் அறையில் எல்லோரையும் போலக் கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட்டு, பசியோடு நூலகத்தில் போய் உட்கார்ந்திருப்பேன். கல்யாண வீட்டில் ஒரு பந்தியில் எழுந்து, ஆட்கள் மாறியதும் அடுத்த பந்தியில் உட்காருவேன். மானம் போகிற காரியம். அப்படி ஒரு பந்தியில் சார் என்னைப் பார்த்துவிட்டார். அவர் சிரிக்கவில்லை. மதுரையில் தெரிந்த டாக்டரிடம் கூட்டிப்போனார். பிறவியிலேயே என் உடம்பில் கொழுப்புத் திசு மிகக் குறைவு என்று அங்கே தெரிந்தது.

திரும்பும் பஸ்ஸில் சார் சொன்னார்: “ஒமக்கு மூளைக்குச் சேதி சொல்ல ஆளே இல்லவே. எனக்கு ஆள் நெறைய இருக்கான், தொண்ட கிழியக் கத்துதான், மூளை காது குடுக்க மாட்டேங்கு. ஆக ரெண்டு பேருக்கும் ஒரே பசிதான். இதுல வெக்கப்பட என்ன இருக்கு?”

எனக்கு வெட்கம் போகவில்லை. “யார்ட்டயும் சொல்லிராதிய சார்” என்று கெஞ்சினேன்.

அதன்பின் அவர் இரண்டு டப்பாக்களோடு வரத் தொடங்கினார். ஆய்வுக்கூடத்தின் சாமான் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவோம். சோறு, ஊளி மீன் குழம்பு, அவித்த பயறு. பெரிய டப்பா எனக்கு. சிறியதை அவர் மெதுவாகச் சாப்பிடுவார். அவர் இரண்டையும் தூக்கி வருவதைப் பார்த்து ஆசிரியர் அறையே கேலி செய்தது. “ஆமா, எனக்குத்தான்” என்று அவரும் சிரிப்பார். நானும் கூட நின்று சிரித்திருக்கிறேன்.

அடக்கம் முடிந்து எல்லோரும் சார் வீட்டுக்குத் திரும்பினோம். எங்கள் துறைத் தலைவர் என் தோளைத் தட்டி, “ஒங்களப் போலக் கட்டுப்பாடா இருந்திருந்தா மனுசன் இன்னும் இருந்திருப்பாரு” என்றார். சாரின் மனைவி கிரேஸ் மதினி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அதற்கு மேல் என்னால் வாய்மூடி நிற்க முடியவில்லை.

“இல்ல சார். அந்தப் பெரிய டப்பாவத் தின்னது நான். ஞானதுரை சார் கொஞ்சமாத்தான் சாப்பிடுவாவ” என்றேன்.

மதினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

“இன்னொரு ஆளுக்குன்னுதான் சொன்னாவ. யாருன்னு கேட்டா வாயே தெறக்க மாட்டாவ. பொய் சொல்லுதாவன்னு நெனச்சு, ராத்திரி அவிய தட்டுல சோத்தக் குறைச்சேன். பசிக்குன்னு சொல்லுவாவ. மத்தியானம் ரெண்டு டப்பா தின்னது காணாதான்னு கேப்பேன்.”

எனக்குத் தலை நிமிரவில்லை. மதினி எழுந்து உள்ளே போய், சொந்தக்காரர்கள் கொண்டுவந்திருந்த சோற்றை ஒரு தட்டில் நிறையப் போட்டு வந்து என் கையில் கொடுத்தார். “உக்காந்து சாப்பிடுங்க” என்றார்.

ஞானதுரை சார், அப்போதும் எனக்குப் பசித்தது. எல்லோரும் பார்க்க உட்கார்ந்து சாப்பிட்டேன். போய் வாருங்கள்.