நான்கு ஜன்னல் கதவுகளும் ஒரு டின் வார்னிஷும்

1

இறுதியாண்டுத் தேர்வன்று காலை ஒன்பது மணிக்கு என் ஓவியம் திறக்க மறுத்தது. ஓவியம் எப்படித் திறக்கும் என்று கேட்பவர்களுக்காகச் சற்றுப் பின்னால் போகிறேன்.

இப்போது கண்காட்சிகளுக்கு டிஸ்ப்ளே அமைத்துத் தருவது என் தொழில். அதாவது, அடுத்தவர் படத்தை நேராக மாட்டுவது. இரண்டாயிரங்களில் புதுச்சேரியில் ஓவியம் படித்தபோது, எதையும் நேராக மாட்டக் கூடாது என்பது என் கொள்கை. முந்தின வருடத் தேர்வுக்கு ஐந்து பேனல் படம் ஒன்றைக் கூரையில் கட்டினேன். தேர்வாளர் அண்ணாந்து பார்த்தார். கழுத்தைப் பிடித்துக்கொண்டார். ஃபெயில் போட்டார்.

"இன்னொரு தபா ஃபெயிலானா நம்ம கடைக்கு வந்துடு," என்றார் அக்காவின் கணவர். ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருந்தார். "காதுகுத்துக்கு டிசைன் போடு. அதுவும் ஆர்ட்டுதான்."

வேலை பார்த்த மில் மூடியதிலிருந்து அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். இதற்குக் கொஞ்சம் வேகமாக ஆட்டினார்.

2

இரண்டாம் முறைக்கு, இடித்த வீட்டுச் சாமான் கடையிலிருந்து நான்கு பழைய ஜன்னல் கதவுகள் வாங்கினேன். குறுக்குப் பலகைகள் வரிசையாக வைத்த, நம் ஊர்ப் பழைய வீடுகளில் இருக்கும் அதே கதவு. மேல்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் தனித்தனி நடுக்குச்சி; அதை மேலே தள்ளினால் பலகைகள் ஒரு பக்கம் சாயும்; கீழே இழுத்தால் மறுபக்கம். பலகைகளின் ஒரு முகத்தில் குருசுக்குப்பத்துக் கடல், மறுமுகத்தில் எங்கள் வீட்டு நடுக்கூடம். தள்ளினால் கடல், இழுத்தால் வீடு.

"கதவத் தூக்கினு வந்திருக்க," என்றார் துறைத் தலைவர். "சொவத்துல மாட்டுற மாதிரி ஒண்ணு போட்டா கொறஞ்சா பூடுவ?"

நான் குறைந்துபோக விரும்பவில்லை. தேர்வுக்கு முந்தின நாள், கடல் இடைவெளியில்லாமல் பளபளக்கட்டும் என்று பலகைகளை மூடிவைத்து இரண்டு கோட் வார்னிஷ் அடித்தேன். எந்தத் தச்சரும் இதைச் செய்திருக்க மாட்டார். ஓவியன் செய்வான், அவனுக்குப் படம் தெரியும், கதவு தெரியாது. விடிந்தபோது பலகைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நான்கு கதவும் நான்கு சுவர்களாகியிருந்தன.

சிற்பப் பிரிவுச் செல்வி வந்து பார்த்தாள்.

"ஏன்டா, மூடி வச்சா வார்னிஷ் அடிச்ச?"

"கடல் விட்டு விட்டுத் தெரியக் கூடாதுன்னு..."

"இப்ப வூடு மொத்தமா தெரியல. தள்ளு."

ஆக்ஸா பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிக்கொண்டு இடுக்கு இடுக்காக அறுத்தாள். நான் இன்னொரு பிளேடால் என் விரலை அறுத்துக்கொண்டேன். மூன்று கதவு திறந்தது. நான்காவதில் மேல்பாதி அசைந்தபோது, சென்னையிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா உள்ளே நுழைந்துவிட்டார். எட்டிப் பார்த்த வகுப்புத் தோழன் காதில் சொன்னான்: "கேட்டா, 'அடைபட்ட நினைவு'ன்னு சொல்லிடு."

3

அவர் முதல் கதவின் குச்சிகளை இழுத்தார். வீடு வந்தது. தள்ளினார். கடல் வந்தது. மறுபடி இழுத்தார். நான்காவது கதவில் மேலே வீடு, கீழே கடல். எங்கள் கூடத்துக்குள் அலை புகுந்த மாதிரி இருந்தது. நான் வரையாத படம்; என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

"இது ஏன் பாதி?"

அடைபட்ட நினைவு நாக்கு நுனி வரை வந்தது.

"வார்னிஷ் ஒட்டிக்கிச்சு மேடம். மூடி வச்சு அடிச்சிட்டேன்."

அவர் சிரித்தார். "காலையிலேருந்து எல்லாரும் கான்செப்ட் சொல்றாங்க. நீதான் காரணம் சொல்ற. இதைப் பிரிக்காதே, இப்படியே இருக்கட்டும்."

துறைத் தலைவர் எட்டு முறை குச்சியை ஆட்டியதைச் செல்வி எண்ணிச் சொன்னாள். ஒன்பதாவது முறைக்கு அவர் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது.

முதல் வகுப்பு. அந்த வாரமே எங்கள் தெருமுனையில் என் முகத்தோடு பேனர் வைத்தார் அக்காவின் கணவர். பெரிய சைஸ் என்பதால் மூன்று துண்டாக அடித்து ஒட்டியது. ஒட்டு விலகி, மூக்கு ஒரு பக்கமும் வாய் ஒரு பக்கமுமாக இருந்தேன். அப்பா அதன் கீழே நின்று வெகுநேரம் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று: அசைய வேண்டியதை அசைத்துக்கொண்டே காயவிடுங்கள். ஒட்டிக்கொண்டால், ஒட்டிக்கொண்டது என்றே சொல்லிவிடுங்கள்.