கிணற்றடியில் எங்கள் முறை

இத்தாலியில், பலேர்மோ நகரத்தின் சீசா என்ற பகுதியில் நாங்கள் இருந்தது நாலாம் மாடி. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் அந்தப் பக்கத்துக்குக் குழாய்த் தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒரு தடவைதான் வரும், அதுவும் சில மணி நேரம். வருகிற அன்று படிக்கட்டெல்லாம் ஒரே சத்தம். மூன்றாம் மாடிக்காரர் வானத்தைப் பார்த்து ஏசுவார், அவர் மனைவி அவரைப் பார்த்து ஏசுவாள். நாங்களோ வாளி, பானை, குளிக்கிற தொட்டி எல்லாவற்றையும் நிரப்பி மூடி வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்போம். இலங்கையில் எங்கள் சின்னத் தீவில் பிறந்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு பஞ்சமா?

வீட்டில் மூன்று பேர்: நான், என் கணவர், அவருடைய அக்கா. அவள் எனக்கு மச்சாள், வாயில் எனக்கு மூத்தவள். நான் பொலிதேயாமா நாடக அரங்கின் பக்கத்தில் ஒரு சிஞ்ஞோராவிடம், இத்தாலிய அம்மா ஒருத்தியிடம், வீட்டு வேலை செய்தேன். பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு பழைய மாளிகைக்குக் காவலாக இருந்த எங்கள் ஊர் அண்ணை ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறிச் சாப்பிட வருவார். பலேர்மோவில் எங்கள் ஊர் என்றால் அப்போது இந்த நாலு பேர்தான்.

ஒரு ஞாயிறு பூசை முடிவில் பங்குச் சுவாமியார் ஓர் அறிவித்தல் சொன்னார். அந்த வருடத் தவக்காலக் காணிக்கை தூரத்து ஊர் ஒன்றுக்குத் தண்ணீர் வசதி செய்யப் போகிறதாம். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் தங்கள் தங்கள் ஊரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும், எத்தனை வீடு, என்ன தொழில், தண்ணீர் எங்கிருந்து என்று. பங்குச் சபை ஒன்றைத் தெரிவு செய்யும். அவர் சொல்லி முடிக்கவில்லை, மச்சாளின் முழங்கை என் விலாவில். மழைத் தண்ணீர் பிடிக்க ஒரு பெரிய சீமெந்துத் தொட்டி, அதுதான் எங்கள் ஊருக்குத் தேவை. அது கட்டப்படுமா இல்லையா என்பது இனி என் பேனாவில் இருந்தது.

அன்று பின்னேரம் குசினி மேசையைச் சுற்றி இருந்தோம். எழுதுவது நான், சண்டை பிடிப்பது அவர்கள். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தால் ஒரு செபமாலை சொல்லி முடிகிற தூரம் என்று எழுதினேன். பனை, பூவரசு, ஆடு. பஸ் ஓடாத ஊர். இரண்டு வாத்திமார் கரையிலிருந்து வள்ளத்தில் வருவார்கள். கச்சான் காற்று எழும்பினால் வள்ளம் வராது, பள்ளிக்கூடம் இல்லை, அந்தச் சந்தோசத்தில் கடற்கரையில் கருவாட்டுக்குக் காகம் விரட்டுவோம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே, கருவாட்டு மணத்தையும் சேர்த்து எழுதப் போனேன். அதை எழுதினால் ஒருத்தரும் காணிக்கை போட மாட்டார்கள் என்று கணவர் தடுத்தார்.

எத்தனை வீடு என்ற கேள்வியில்தான் நின்றுவிட்டோம். அண்ணை ஒழுங்கையால் எண்ணிக்கொண்டு போய் தேவாலயத்தடியில் குழம்பினார். மச்சாள் கண்ணை மூடிக்கொண்டு, கிணற்று முறையால் எண்ணத் தொடங்கினாள்.

ஊரில் நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றே ஒன்று. ஆனி, ஆடியில் அது வற்றிக் கலங்கி ஊறும். அப்போது காலையில் பெண்கள் கூடி, தேவாலயத்தடி வீட்டில் தொடங்கி ஒவ்வொரு வீடாகக் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட வீட்டுக்கு இரண்டு வாளி. ஆள் வரவில்லையென்றால் பத்துத் தடவை அருள் நிறைந்த மரியே செபம் சொல்லுகிற நேரம் பொறுத்துத்தான் அடுத்த வீடு. ஒரு வீட்டின் முறையை எடுத்துவிட முடியாது. விட விரும்பினால் வீட்டுக்காரரே கிணற்றடிக்கு வந்து வாயால் சொல்லவேண்டும். மன்னாருக்குக் கலியாணம் கட்டிப் போன என் மாமி ஒருத்தி தன் முறையைத் தங்கைக்குக் கொடுக்கச் சொல்லிக் கடிதம் போட்டாள். கடுதாசிக்கு வாய் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த திருநாளுக்கு அவள் வள்ளமேறி வந்து சொல்லும்வரை அவள் வீட்டைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

மச்சாள் கண்ணைத் திறந்தபோது கணக்கு ஐம்பத்துநாலு. பூவரசடி வீடு, மூலை வீடு, உடைஞ்ச வள்ளத்தடி வீடு என்று அவள் சொல்லச் சொல்ல அந்தந்த வீட்டு வாசலில் நான் நின்றேன். எங்கள் வீடு இருபத்தேழாவது. அதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்தது, அடுப்பைப் பார்க்கப் போவதுபோல எழும்பிப் போனேன். பிறகு வந்து ஐம்பத்துநாலு என்று இத்தாலியனில் பெரிதாக எழுதினேன். சிஞ்ஞோரா பிழை திருத்தித் தந்தாள். சுவாமியாரிடம் கொடுத்தேன்.

அடுத்த கிழமை எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி கணவனிடம் வந்து சேர்ந்தாள். அவன் வேறு ஊர், அடுத்த தெருவில் இருந்தான். சண்டையில் சனம் இடம்பெயர்ந்தது எங்களுக்கும் தெரியும். கடிதங்கள் ஒழுங்காக வராத காலம். எல்லாரும் திரும்பியிருப்பார்கள் என்று நாங்களாகவே நினைத்திருந்தோம். அவளை இருத்தி, நான் எழுதியதைத் தமிழில் பெருமையாகச் சொல்லிக் காட்டினேன். அவள் குனிந்த தலை நிமிரவில்லை.

"இப்ப பதினொரு வீட்டிலைதான் அக்கா சனம் இருக்கு," என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. அவள் ஏதோ ஊரை அழித்துவிட்டு வந்தவள் மாதிரி, நீ சரியாகப் பார்த்தியா என்று கேட்டேன்.

"கிணத்தடியில அம்பத்திநாலையும் கூப்பிடுறவை," என்று அவள் மெதுவாகச் சொன்னாள். "உங்கட வீட்டையும்தான். போன வீடு ஒவ்வொண்டுக்கும் பத்து அருள் நிறைந்த மரியே சொல்லுற நேரம் நிக்கவேணும். பதினொரு வீடு தண்ணி எடுத்து முடிய வெயில் உச்சிக்கு வந்திடும்."

நாற்பத்துமூன்று வீட்டுக்காக அந்தப் பெண்கள் வெயிலில் நிற்கிறார்கள். நான் இங்கே தொட்டியை நிரப்பி மூடி போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கிறேன்.

எழுதியதை மாற்றாதே என்றாள் மச்சாள். ஐம்பத்துநாலையும் கூப்பிடுகிறார்கள்தானே, அது எப்படிப் பொய் ஆகும் என்று கேட்டாள். எனக்கும் அது பிடித்த நியாயம்தான். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்கு வராது. சுவாமியாரிடம் போய்ப் பதினொன்று என்று திருத்திக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி மற்றக் கடுதாசிகளோடு வைத்தார். பங்குச் சபை சனத்தொகை கூடிய வேறோர் ஊரைத் தெரிவு செய்தது. அவர்களில் பிழையில்லை. ஆனால் அந்த மாதம் முழுக்க மச்சாள் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை.

தொட்டிதான் இல்லை, அந்தப் பெண்களின் வெயிலையாவது குறைப்போம் என்று தோன்றியது. நாலு பேரும் இருந்து ஊருக்கு ஒரு கடிதம் எழுதினோம். எங்கள் வீடுகளைக் கூப்பிட்டு நிற்கவேண்டாம், எங்கள் முறையை விட்டுத்தருகிறோம். எழுதி முடித்தபோது அண்ணை எழும்பி யன்னலடியில் போய் நின்றுகொண்டார். மச்சாள் கையெழுத்துப் போட்ட பேனாவை மேசையில் வீசினாள்.

பதில் வர ஏழெட்டு மாதம் ஆனது. அன்று எங்கள் பக்கத்துக்குத் தண்ணீர் வந்த நாள். குழாயைத் திறந்து வாளியை வைத்துவிட்டுக் கடிதத்தை உடைத்தேன். மச்சாள் பக்கத்தில் வந்து நின்றாள். நலம் விசாரித்து நாலு வரி. அதற்குக் கீழே, யாரோ பெண்ணின் கையெழுத்தில்:

"கடுதாசிக்கு வாய் இல்லை. முறையை விடுறதெண்டால் வந்து சொல்லுங்கோ. அதுவரைக்கும் நாங்கள் கூப்பிடுவம்."

வாளி நிரம்பி நிலமெல்லாம் தண்ணீர் ஓடியது. எங்கள் வீட்டில் தண்ணீர் வீணாய்ப் போனது அந்த ஒரு நாள்தான். மச்சாள் ஒரு வார்த்தை ஏசவில்லை.