இரண்டு வீட்டில் செய்த மகாவலி

எல்லோரும் சேர்ந்து ஒரே மேசையில் ஒரு பழைய போரை விளையாடுவோம் என்று வட்ஸ்அப் குழுவில் எழுதினேன். பத்துப் பேர் உடனே சரி என்றார்கள். மற்ற இருவரும் குழுவில் ஒன்றும் எழுதாமல் தனித்தனியே எனக்கு அழைப்பெடுத்தார்கள்.

"அவனும் வாறானோ?" என்றான் வெள்ளவத்தையில் மருந்துக்கடை வைத்திருப்பவன்.

"அவனும் வர்றானாடி?" என்றான் கொட்டாஞ்சேனைக்காரன்.

"வாறான்" என்று இருவருக்கும் சொன்னேன். அப்போது இருவருமே வருவதாகச் சொல்லியிருக்கவில்லை. ஆனால் இந்த விளையாட்டு முடிவதற்குள் இவர்கள் இரண்டு பேரையும் நேருக்கு நேர் கதைக்க வைப்பது என்று நான் தீர்மானித்துவிட்டேன். விளையாட்டே அதற்காகத்தான் என்று சொன்னாலும் பொய்யில்லை.

இதைப் பொம்மை விளையாட்டு என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. சுண்டுவிரல் உயரத்துப் படைவீரர்களை வாங்கி, அந்தக் காலத்து உடுப்பையும் ஆயுதத்தையும் தேடிப் படித்து, ஒவ்வொருவருக்கும் மெல்லிய தூரிகையால் நிறம் தீட்டுவோம். மலை, காடு, ஆறு எல்லாம் செய்த மேசையில் அவர்களை அளந்து நகர்த்தி, பகடை உருட்டி, சண்டை எப்படிப் போகிறது என்று பார்ப்போம். ஆள் கூடினால் படையைப் பங்கு போட்டுக் கொடுத்து, ஒருவர் நடுவராக நிற்க வேண்டும். எங்கள் குழுவில் நடுவர் நான்தான். என்னோடு வாதாடி வென்றவர்கள் இல்லை என்பதால் அந்த வேலையை என் தலையில் கட்டினார்கள்.

இந்த முறை எடுத்தது மகாவலி ஆற்றங்கரையில் போர்த்துக்கேயர் கண்டிப் படையிடம் மாட்டிக்கொண்ட சண்டை. போர்த்துக்கேயர் முழுவதும் வெள்ளவத்தைக்காரனிடம் இருந்தார்கள். கண்டிப் படையும் யானைகளும் கொட்டாஞ்சேனைக்காரனின் அலுமாரியில் இருந்தன. ஒருவன் வராவிட்டால் போரில் பாதி இல்லை.

இருவரும் என்னோடு ஒரே ரியூஷன் வகுப்பில் படித்தவர்கள். ஒருவன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், மற்றவன் ஹட்டனிலிருந்து வந்த குடும்பம். அந்த நாளில் ஒரு ரோலை வாங்கி இரண்டாகப் பிய்த்துத் தின்றவர்கள். பிரித்தது ஒரு வரைபடம். கொட்டாஞ்சேனைக்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வரைபடத்தையும் தன் பக்கம் திருப்பி வைத்துத்தான் பார்ப்பான். பிறகு திருப்பியதை மறந்துவிட்டு இடதை வலதாகச் செய்வான். முன்பொரு பெரிய விளையாட்டில் இருவரும் ஒரே அணி. அவன் யானைகளை ஆற்றின் பிழையான கரையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டான். அணி தோற்றது. "இடம் வலம் தெரியாதவனோட விளையாட என்னால ஏலாது" என்றான் மருந்துக்கடைக்காரன், அத்தனை பேருக்கும் முன்னால். எல்லோரும் சிரித்தார்கள். மற்றவன் யானைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு மேலாக ஒரு வார்த்தை இல்லை.

நான் விடவில்லை. பன்னிரண்டு பேருக்கும் பொருந்தும் நாளுக்காக எல்லோரையும் அரித்தெடுத்தேன். களுபோவில ஆஸ்பத்திரியில் தாதியாக இருப்பவள் பௌர்ணமிப் போயா விடுமுறையிலும் தனக்கு டியூட்டி என்றாள். மாற்றிக்கொள், இல்லாவிட்டால் இனி என் முகத்தில் முழிக்காதே என்றேன். மாற்றிக்கொண்டாள். கொட்டாஞ்சேனையில் ஒரு தேவாலயத்தின் மண்டபத்தைக் கேட்டு எடுத்தேன். பாதிரியார் என்ன கூட்டம் என்று விசாரித்தார். வரலாறு என்றேன். அதுவும் பொய்யில்லை.

மேசையைச் செய்வதுதான் பெரும் பாடு. ஒருவன் வீட்டுக்கு மற்றவன் போகமாட்டான். எனவே ரெஜிபோம் என்ற இலேசான நுரைத் தகடுகளில் நிலத்தை வெட்டி ஒட்டும் வேலையை இரண்டாகப் பிரித்தேன். தெற்குப் பாதி வெள்ளவத்தையில், வடக்குப் பாதி கொட்டாஞ்சேனையில். ஆறு ஒரு பாதியிலிருந்து மற்றப் பாதிக்குப் போக வேண்டும். ஒரே வரைபடத்தை இருவருக்கும் அனுப்பினேன். தினமும் இருவருக்கும் அழைப்பெடுத்தேன். பைண்டர் கம் பசை காய்ந்ததா, புல்லாகத் தூவும் மரத்தூளுக்குப் பச்சை நிறம் பிடித்ததா என்று கேட்டேன். செய்ததைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று மன்றாடினேன். இரண்டு பேரும் ஒரே பிடிவாதம். மண்டபத்தில் பார், அதற்கு முதல் யாருக்கும் காட்டமாட்டேன் என்றார்கள்.

போயா காலையில் வெள்ளவத்தைப் பாதியை ஒரு வான் வண்டியில் ஏற்றி, பழைய படுக்கை விரிப்பால் மூடிக் கொண்டுவந்தோம். இறக்க உதவிய சாரதி, கலியாணக் கேக்கா என்று சிங்களத்தில் கேட்டார். ஓம் என்று சொல்லி வைத்தேன். மற்றப் பாதி ஏற்கெனவே மண்டபத்தில் இருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்து விரிப்புகளை எடுத்தேன்.

ஆறு சேரவில்லை. தெற்கில் அது வலது மூலையில் வந்து நின்றது. வடக்கில் இடது மூலையில் தொடங்கியது. நடுவில் நான் கையை நீட்டினாலும் எட்டாத இடைவெளி.

பின்னால் யாரோ சிரித்தார்கள். பிறகு இன்னும் சிலர். எல்லோருடைய கண்ணும் கொட்டாஞ்சேனைக்காரனிடம் போயிற்று. அவன் முகம் கறுத்தது. மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவனைப் பார்க்காமல் என்னிடம் சொன்னான்.

"அவன்கிட்ட சொல்லு. நான் படத்துல உள்ளபடிதான் செஞ்சேன்."

இத்தனை மாதப் பாடும் மண்ணாகப் போகிறது என்று நினைத்தேன். வரைபடத்தை எடுத்து இரண்டு பாதியையும் ஒப்பிட்டேன். வடக்குப் பாதி அச்சொட்டாகச் சரி. பிழை தெற்கில். மருந்துச் சீட்டில் ஒரு எழுத்தைக்கூடத் தவறவிடாதவன் ஆற்றை இடம் வலம் மாற்றிச் செய்திருந்தான்.

"நீயோ பிழை விட்டனி?" என்றேன்.

அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தான். "பிழை விடேல்லை. இவன் மாத்தித்தான் செய்வான் எண்டு நினைச்சன். ரெண்டையும் சேர்த்து வைக்கேக்க இவன்ர பக்கம் பிழையெண்டு எல்லாரும் திரும்பச் சிரிப்பினம். அதுதான் என்ர பக்கத்தையும் மாத்தினனான். ரெண்டும் பிழையெண்டா ஆறு சேர்ந்திடும். ஆருக்குத் தெரியப்போகுது?"

சிரித்தவர்கள் மேசையை விட்டு ஓரடி பின்னால் நகர்ந்தார்கள்.

கொட்டாஞ்சேனைக்காரன் மேசையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தான். அடிக்கத்தான் போகிறான் என்று பயந்தேன். "திருப்பித் திருப்பிப் பாத்து ஒட்டுனேன்டா நான்" என்றான். "மறுபடி ஒன் வாயில விழக்கூடாதுன்னு, வெட்டி வெட்டித் தூக்கி வீசுனேன். அதப் போய் மாத்தி வச்சிருக்கியே, மடையா."

இரண்டு வருடத்தில் அவன் மற்றவனைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தைகள் அவை. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊர் பார்க்க அழும் ஆள் நான் இல்லை. நின்றவர்களைப் பார்த்து, என்ன வேடிக்கை, போய்க் கதிரைகளை எடுத்துப் போடுங்கள் என்று கத்தினேன்.

"இப்ப என்ன செய்யிறது?" என்றான் மருந்துக்கடைக்காரன்.

"மகாவலி என்ன நேராவா ஓடுது? பொருத்துற எடத்துல ஒரு வளைவு வெட்டுவோம்."

"உன்ர யானைக்குத் தோதா வெட்டாதை."

"இவ ஒரு வார்த்தை முன்னமே கேட்டிருந்தா இந்த வேலையே இல்ல" என்று கொட்டாஞ்சேனைக்காரன் என் பக்கம் கையைக் காட்டினான். "தெனமும் போன் பண்றா. பசை காஞ்சுதான்னு கேக்கிறா. ஆறு எந்தப் பக்கம்னு கேக்கல."

"ஓம், சரிதான். முழுப் பிழையும் இவளிலதான்."

படம் அனுப்பச் சொல்லி நான் கெஞ்சிய செய்திகள் வரிசையாக என் கைபேசியில் கிடந்தன. வேறு நாளாக இருந்தால் ஒவ்வொன்றாக உரக்க வாசித்து இருவரையும் தலைகுனிய வைத்திருப்பேன். செய்யாத பிழைக்கு நான் தலையாட்டியதாக என் வீட்டிலும் சரித்திரம் இல்லை.

"ஓம். பிழை என்னிலதான்" என்றேன்.

அவர்கள் அதற்குள் பொருத்துக்கு மேலே குனிந்துவிட்டார்கள். ஒருவன் தகட்டை அழுத்திப் பிடித்திருந்தான், மற்றவன் வெட்டிக்கொண்டிருந்தான். நான் சொன்னது இருவர் காதிலும் விழவில்லை.