அடுக்களை காணப் போன மேசை

சுதந்திரம் என்றால் என்ன என்று யாராவது மேடையேறி முழங்க ஆரம்பித்தால் எனக்கு ஒரு மேசைதான் ஞாபகம் வரும். தேக்கு என்று தாத்தா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். உண்மையில் அது வெறும் அயினிப்பலா மரம். தாத்தாவின் பெருமைகள் பெரும்பாலும் அப்படித்தான்.

எங்கள் பாறசாலைப் பக்கத்தில் கல்யாணம் கழிந்த சில நாளில் பெண்வீட்டார் கூட்டமாகக் கிளம்பி மாப்பிள்ளை வீட்டுக்கு அடுக்களை காணப் போவார்கள். நம் பெண் இனி சமைக்கப்போகும் இடத்தைப் பார்க்கப் போகிறோம் என்று பேர். உண்மையில் அந்த வீட்டார்தான் நாம் கொண்டுபோகும் வெண்கல உருளியையும் மிக்சியையும் பார்ப்பார்கள்.

அம்மாவின் தங்கையான சித்தி, கல்யாணம் நிச்சயமானபோதே தாத்தாவிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். பாத்திரம் குறைந்தாலும் சரி, அவளுக்கு ஒரு மேசை வேண்டும். சர்க்கார் வேலைப் பரீட்சைக்கு விழுந்து விழுந்து படித்துக்கொண்டிருந்தவள் அவள். பரீட்சை வருவதற்குள் கல்யாணம் வந்து தொலைத்தது. புகுந்த வீட்டில் உட்கார்ந்து படிக்க இடம் கிடைக்காவிட்டால் எல்லாம் அதோடு முடிந்தது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தாத்தா முனகினார். ஆனால் கடைசி மகளையும் கரையேற்றிவிட்டால் தனக்குச் சுதந்திரம் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிவந்த மனிதர், ஒரு மேசைக்காகவா அதைத் தள்ளிப்போடுவார்? வளைகுடாவிலிருந்து லீவில் வந்திருந்த மாமாவுக்கோ, யாரும் எழுப்பாமல் பத்து மணிவரை தூங்குவதுதான் சுதந்திரம். ஒன்பது வயதான எனக்குப் பள்ளிக்கூடம் இல்லாத எந்த நாளும் சுதந்திர தினம்.

மாப்பிள்ளை வீடு திருப்புறத்தில். புதுச் சித்தப்பாவுக்குப் பூவாரில் படகு ஓட்டும் வேலை. ஜீப்பில் போன நாங்கள், பின்னால் வந்த டெம்போவிலிருந்து சாமான்களை இறக்கி வைத்தோம். அவர்கள் தந்த சாயாவையும் முறுக்கையும் நாங்கள் ஒரு கை பார்த்துவிட்டு உள்ளே போனால், மேசை அடுக்களையின் நடுவில் நின்றது. அதன்மேல் மிக்சி, கேஸ் அடுப்பு, அரிசி டப்பா எல்லாம் குடியேறியிருந்தன. சித்தியின் மாமியார் அதன் முன்னால் நின்று தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. அடுக்களை காண வரும் கூட்டத்தோடு வந்திறங்கும் எந்தச் சாமானும் அடுக்களைக்குத்தான் என்பது எங்கள் ஊரில் யாரும் சொல்லித்தர வேண்டாத விஷயம். தரையடுப்பில் குனிந்து குனிந்தே இடுப்பு ஒடிந்தவர் அவர். இனி எனக்குக் குனியாண்டாம் என்று அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னார்.

எங்களோடு உள்ளே வந்த சித்தி ஒரு நிமிடம் அடுக்களை வாசற்படியிலேயே நின்றாள். தாத்தா உத்தரத்தை ஆராய்ந்தார். பிறகு சித்தி நேராக உள்ளே போய் மிக்சியைத் தூக்கித் தரையில் வைத்தாள்.

"மாமி, இது எனக்குப் படிக்கதுக்கு உள்ளதாக்கும்."

மாமியார் துருவலை நிறுத்தினார். "அடுக்களை காண வந்த சாமானம் அடுக்களையிலதான் இருக்கும். அதாக்கும் முறை."

"உங்க இடுப்பு வலி எனக்குத் தெரியும் மாமி. நான் வேலைக்குப் போயி உங்களுக்கு இங்க நல்ல அடுப்பு மேடை கட்டித் தாறேன். ஆனா இது எனக்கு வேணும்."

குரல் உயரவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது. அரிசி டப்பாவையும் அடுப்பையும் ஒவ்வொன்றாக இறக்கினாள். பிறகு என்னைப் பார்த்து, "மக்கா, அந்தப் பக்கம் பிடி" என்றாள். பிடித்தேன். அந்தக் கனத்தில் என் கை விட்டுப்போகும்போல இருந்தது. படுக்கையறை வாசலில் மேசை நுழைய மாட்டேன் என்று அடம்பிடித்தது. அதுவரை முற்றத்தில் நின்று கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்த சித்தப்பா உள்ளே வந்தார். என் கையிலிருந்ததை வாங்கி, மேசையைச் சரித்து, கால்களை முதலில் உள்ளே விட்டார். ஜன்னலுக்குக் கீழே அது போய் உட்கார்ந்தது.

"வேலைக்குப் போனா பாக்கலாம்" என்று மாமியார் தேங்காயிடம் சொன்னார்.

திரும்பும்போது ஜீப்பில் தாத்தா கொதித்தார். மானம் கப்பலேறிவிட்டதாம், பெண்ணை வளர்த்த லட்சணத்தை ஊர் சொல்லிச் சிரிக்குமாம். அம்மாவைக் காட்டி, மூத்தவளும்தான் படித்தாள், பாத்திரத்தைத் தவிர ஏதாவது வாய் திறந்து கேட்டாளா என்றார். மாமா சிரித்தார். அம்மா மட்டும் நெய்யாற்றின்கரைச் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். வீடு நெருங்கும்போது என் காதருகே குனிந்தாள்.

"மக்கா, நம்ம வீட்டுல எந்த ஜன்னலுக்குக் கீழ நல்ல வெளிச்சம் உண்டு?"

நான் நன்றாக யோசித்தேன். வற்றல் காயப்போடுவதென்றால் மொட்டைமாடிதான் நல்லது என்று சொன்னேன்.